பத்திரமாக வைத்திருக்கிறோம்

'இவள் போகாமல் இருந்தால் தேவலை.'

பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்த நினைப்பு வந்தது. யாரோ பின்னால் நின்று காதுக்குள் சொன்ன மாதிரி இருந்தது. வாய் நிறைய நுரையோடு அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் துணிக்கொடியைத் தவிர ஒன்றும் இல்லை. சொன்னது அவளேதான்.

வாயைக் கொப்பளித்தாள். நுரை போயிற்று. நினைப்பு போகவில்லை.

நேற்றுச் சாயங்காலம் வரை இந்த வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்கு என்றால், அவரவர் கொஞ்சம் கொஞ்சம் செய்ய, மீதி எல்லாவற்றையும் சிட்டு செய்கிற ஒழுங்கு. மாமனார் பக்கவாதத்தில் விழுந்த பிறகு, நாடு விட்டு நாடு வந்து இந்த வீட்டுக்குள் நுழைந்தவள் சிட்டு. சொந்தப் பெயர் வேறு. அது இங்கே யார் நாக்கிலும் நிற்கவில்லை. "குருவி மாதிரி இருக்கா, சிட்டுன்னே கூப்பிடுவோம்" என்று அத்தை முடிவு செய்தார். சிட்டுவிடம் யாரும் கேட்கவில்லை.

நேற்று எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சிட்டு தண்ணீர் ஜாடியோடு வந்து நின்றாள்.

"அம்மா, நான் வீட்டுக்குப் போறேன். ஒப்பந்தம் முடிஞ்சாச்சு. பாஸ்போர்ட் குடுங்க."

அத்தையின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"ஊர்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லை அம்மா."

"கல்யாணம் கில்யாணம்?"

"இல்லை."

"இங்க யாராவது ஏதாவது சொன்னாங்களா? சொல்லு, நான் கேக்கறேன்."

"யாரும் சொல்லலை அம்மா. சும்மா. வீட்டுக்குப் போகணும்."

அந்தச் 'சும்மா'தான் எல்லோரையும் கலக்கிவிட்டது. காரணம் என்று ஒன்று இருந்தால் அதைப் பிடித்து இழுக்கலாம், சரிக்கட்டலாம், சமாதானம் சொல்லலாம். சும்மாவை என்ன செய்வது? அத்தை இரவு பாதி நேரம் தூங்கவில்லை. கணவன் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று சிட்டுவிடம் சொன்னான். என்ன யோசிக்கப் போகிறான் என்று அவனுக்கும் தெரியாது.

அவளுக்குத் தெரிந்தது. சிட்டு போய்விட்டால் வேறு ஆள் வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மாமனாரோடு வீட்டில் இருக்கப்போவது யார் என்ற கேள்வியை நேற்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பகலெல்லாம் விபத்து நஷ்டஈட்டு மனுக்களைப் படித்துவிட்டு, சனிக்கிழமைகளில் பல்கலைக்கழகத்தில் சர்வதேச மனித உரிமைச் சட்டம் படிக்கிறாள். பகுதிநேர முதுநிலைப் படிப்பு. மாமனார் விழுந்த வருஷம் ஒரு தடவை தள்ளிப்போட்டாள். சரியான ஆள் கிடைக்காமல் இன்னொரு தடவை. இனித் தள்ளிப்போட விதியில் இடமில்லை. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள், அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. இந்தப் பருவம் விட்டால் படிப்பு அப்படியே காலாவதி.

அதனால்தான் அந்த நினைப்பு. இவள் போகாமல் இருந்தால் தேவலை.

"அக்கா! ஐயாவைத் திருப்பணும், வரீங்களா?" உள் அறையிலிருந்து சிட்டு கூப்பிட்டாள்.

மாமனார் ஒரு காலத்தில் ரயில் எஞ்சின் ஓட்டியவர். பெரிய உடம்பு. இப்போது வலது பக்கம் செத்துக் கிடக்கிறது, பேச்சு இல்லை. ஆனால் எல்லாம் விளங்கும். இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை. சலித்துப்போனால் தட்டிக்கொண்டே இருப்பார்.

அவருக்கு அடியில் குறுக்காகப் போட்டிருந்த துணியின் இரண்டு முனைகளை அவள் பிடித்துக்கொண்டாள். மறுபக்கம் சிட்டு. தொடுவதற்கு முன் சிட்டு அவர் முகத்துக்கு நேரே குனிந்து சொல்வாள். சொல்லாமல் ஒருநாளும் தொட்டதில்லை.

"ஐயா, விதியை எதிர்கொள்ளும் நேரம் வந்துவிட்டது. இடது பக்கம்."

ஒரு தட்டு. அவர் வாயின் நல்ல பக்கம் லேசாகக் கோணியது. சிரிப்பு.

சிட்டு இந்த மொழியைக் கற்றுக்கொண்டது அத்தையோடு உட்கார்ந்து பார்த்த டிவி சீரியல்களில். அதனால் சாதாரணமாகப் பேசும்போது நம்மைப் போலப் பேசுவாள். கொஞ்சம் உணர்ச்சி வந்தால் சீரியல் வந்துவிடும். பால் பொங்கி வழிந்தாலும், "ஐயோ, இந்தக் குடும்பத்துக்கு என்ன நேர்ந்தது!" என்பாள். வீடே சிரிக்கும்.

துணியோடு சேர்த்து உருட்டினார்கள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. சிட்டு அவருடைய குதிகாலையும் இடுப்புக்குக் கீழேயும் விரல் வைத்து அழுத்திப் பார்த்தாள். சிவப்பு இருக்கிறதா, அழுத்தினால் வெளுக்கிறதா. படுக்கைப் புண் வராத உடம்பு. வீட்டுக்கு வருகிற டாக்டர் ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லி ஆச்சரியப்படுவார். அத்தை பெருமையாகத் தலையாட்டுவார்.

"அக்கா."

"ம்."

"பாஸ்போர்ட் எங்க இருக்கு?"

"பத்திரமா இருக்கு."

யோசிக்காமல் வந்த பதில். சிட்டு தலையாட்டினாள். போர்வையை இழுத்து மாமனாரின் தோள் வரை மூடினாள். அவருடைய கண்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தன. 'மாமா, சிட்டு போகலாமா?' என்று அவரிடமே கேட்கலாம். ஒரு தட்டா, இரண்டு தட்டா என்று தெரிந்துவிடும். அவள் கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் தாங்காது என்று தோன்றியது.

பாஸ்போர்ட் அத்தையின் பீரோவில், உள் லாக்கரில் இருந்தது. லாக்கர் சாவி அவளுடைய கைப்பையில் இருந்தது.

சிட்டு வந்து சேர்ந்த அன்றைக்கே அத்தை அந்தச் சாவியைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "நீதான் சட்டம் படிக்கிறவ. உன்கிட்ட இருந்தா தொலையாது." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அவளை நம்பி ஒப்படைக்கப்பட்ட முதல் பொருள் அது. மனசுக்குள் குளிர்ந்துபோனாள். கைப்பையின் ஜிப் வைத்த உள் பைக்குள் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தச் சாவி அவளோடு ஆபீசுக்குப் போயிற்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்புக்கும் போயிற்று.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது கணவன் வாசலுக்கு வந்தான். ஒரு கையில் பைக் சாவி, இன்னொரு கையில் அவளுடைய சாப்பாட்டு டப்பா. லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் மேற்பார்வையாளன். மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசிப் பேசி, எப்போதும் அமைதியான குரல்.

"ராத்திரி யோசிச்சேன். ஒரு வழி இருக்கு."

"என்ன?"

"பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் குடுத்திருக்கோம், வர ரெண்டு மூணு மாசம் ஆகும்னு சொல்லிடலாம். அதுக்குள்ள உன் பரீட்சை முடிஞ்சிடும். வேற ஆளும் வந்திடும். அப்புறம் நல்லபடியா அனுப்பி வெச்சிடலாம். யாருக்கும் நஷ்டமில்ல."

அவள் செருப்பின் வாரை இழுத்து மாட்டினாள்.

"நான் சொன்னா முழிப்பேன். அம்மா சொன்னா நம்பமாட்டா. நீ சொன்னா நம்புவா."

"ஏன்?"

"நீ அவகிட்ட பொய் சொன்னதில்லையே." சாதாரணமாகத்தான் சொன்னான். டப்பாவை அவள் பைக்குள் வைத்து, பையின் வாயை மூடினான். "உனக்காகத்தான் சொல்றேன். எத்தனை கஷ்டப்பட்டுப் படிச்சே. இது ஒரு வாக்கியம். அவ்வளவுதான்."

உண்மையிலேயே அவளுக்காகத்தான் சொன்னான். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

பேருந்தில் நின்றுகொண்டு வந்தாள். அந்த ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். நன்றாக வந்தது. இரண்டாவது முறை இன்னும் நன்றாக வந்தது. பயந்துபோய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

சனிக்கிழமை வகுப்பு என்பது ஒரு தனி உலகம். வாரமெல்லாம் வேறு வேலை பார்த்துக் களைத்தவர்கள், முதல் வரிசையைக் காலியாக விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். மருத்துவமனை நர்ஸ் ஒருத்தி இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வருவாள். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். "இந்த ரூமுக்குள்ள மட்டும்தான் நான் மரியாதையா கேள்வி கேக்கறது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பேராசிரியை பல வருஷம் தொழிலாளர் ஆய்வாளராக வேலை பார்த்துவிட்டுக் கற்பிக்க வந்தவர். அன்றைக்குப் பாடம் கட்டாய உழைப்பு. புத்தகத்தைத் திறக்கவேயில்லை.

"சட்டம் உங்க எல்லாருக்கும் மனப்பாடம். ஒரு வீட்டு வாசல்ல நின்னு கேள்வி கேக்கத் தெரியுமா? அதைப் பார்ப்போம். நீங்க ஆய்வாளர்." போலீஸ்காரரைக் காட்டினார். "நீங்க அந்த வீட்ல வேலை செய்யற பொண்ணு." நர்ஸ் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு எழுந்தாள். "நீங்க வீட்டுக்காரம்மா."

விரல் அவளைக் காட்டியது.

மூன்று நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டார்கள். போலீஸ்காரர் தொண்டையைச் செருமினார்.

"வணக்கம்மா. உங்க வீட்ல வேலை செய்யறவங்க பாஸ்போர்ட்டைக் கொஞ்சம் பார்க்கலாங்களா?"

"தாராளமா. எங்ககிட்டதான் இருக்கு. பத்திரமா வெச்சிருக்கோம்."

"அவங்ககிட்டயே இருந்தா என்ன?"

"எங்க வெப்பா, பாவம்? அவளுக்குன்னு இருக்கறது ஒரே ஒரு பை. அதுக்கு ஜிப்பும் போயிடுச்சு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்கு உற்சாகம் வந்தது. பள்ளிக்கூட நாடகத்துக்குப் பிறகு இப்படி ஒரு கூட்டத்தின் முன் உட்கார்ந்ததில்லை.

"வார லீவு உண்டுங்களா?"

"எங்க போவா சார்? வழி தெரியாது, ஆளு தெரியாது. கடைக்குப் போனா எங்களோடதான் வருவா. டிவி பார்ப்பா. நாங்க சாப்பிடறதுதான் அவளுக்கும். எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி."

"பாஸ்போர்ட்டை அவங்க கேட்டிருக்காங்களா?"

"நேத்து கேட்டா."

"குடுத்தீங்களா?"

"யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லியிருக்கோம்."

"யாரு யோசிக்கிறது?"

"வீட்ல எல்லாரும் உக்காந்து."

இப்போது வகுப்பே சிரித்தது. நர்ஸ்கூடத் தூக்கம் கலைந்து சிரித்தாள். போலீஸ்காரர் சிரிக்கவில்லை. வேலையில் இருக்கும்போது அவருடைய முகம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"உங்க வீட்டுப் பொண்ணு மாதிரின்னு சொன்னீங்க."

"ஆமா சார். அப்படித்தான் வெச்சிருக்கோம்."

"உங்க வீட்டுப் பொண்ணோட பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?"

வீட்டுப் பெண்ணான நாத்தனாரின் பாஸ்போர்ட் நாத்தனாரிடமே இருந்தது. மருமகளான அவளுடையது அவளிடமே இருந்தது. வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

பிறகு கைதட்டினார்கள். அவள் நிறுத்தியதையும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

"அச்சு அசல் மேடம்," என்று போலீஸ்காரர் பழைய குரலுக்குத் திரும்பினார். "இப்படியே பேசற வீடுகளை எத்தனை பார்த்திருக்கேன்! காபி குடுத்து உக்கார வெச்சுப் பேசுவாங்க."

பேராசிரியை கை தட்டவில்லை. "இந்தப் பதிலெல்லாம் முன்னாடியே யோசிச்சு வெச்சிருந்தீங்களா?"

"இல்ல மேடம். அதுவா வந்தது."

அவர் அவளை ஒரு நொடி அதிகமாகப் பார்த்தார். பிறகு பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளுடைய ஆய்வேடு ஆழ்கடல் மீன்பிடிக் கப்பல்களைப் பற்றியது. தொழிலாளிகளின் பாஸ்போர்ட்டுகளைக் கப்பல் தலைவன் வாங்கித் தன் பெட்டகத்தில் பூட்டிவைத்துக்கொள்வதைப் பற்றி ஒரு முழு இயல் எழுதியிருந்தாள். படித்த எல்லோரும் பாராட்டினார்கள். அந்த இயலை அவள் எழுதியது அத்தையின் அறையில், பீரோவுக்குப் பக்கத்து மேசையில். அங்கேதான் காற்று வரும். நடுவில் மறக்காமல் தேநீர் கொண்டுவந்து வைத்தவள் சிட்டு. நடுக்கடலில் நடந்ததெல்லாம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் சரியில்லை. அதற்கு அவள் வேறு பெயர் வைத்திருந்தாள். பத்திரம் என்று.

மதியம் மரத்தடி பெஞ்சில் நர்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்களைப் பார்த்து எனக்கு நிஜமாவே பயமா இருந்தது."

"ஏன்?"

"வேற யாராவது பண்ணியிருந்தா கெட்டவளா நடிச்சிருப்பாங்க. கத்தியிருப்பாங்க. நீங்க ரொம்ப நல்லவளா நடிச்சீங்க. வேலைக்காரியா உக்காந்திருந்த எனக்கே, ச்சே, இந்தம்மாவைப் போய்க் கேக்கறாங்களேன்னு ஆயிடுச்சு."

அவளால் டப்பாவைத் திறக்க முடியவில்லை. காலையில் அதில் சோற்றை அழுத்தி அழுத்தி நிரப்பியது சிட்டு என்று நினைவு வந்தது. பசியில்லை என்று சொல்லி நர்ஸிடம் கொடுத்தாள்.

அவள் வீடு திரும்பியபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. வாசலில் நாத்தனாரின் குதிகால் செருப்பு. கணவனின் தங்கை, இரண்டு தெரு தள்ளி அழகு நிலையம் வைத்திருக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் கடையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்றால் விஷயம் பெரிதாகிவிட்டது.

"வாங்க ஜட்ஜம்மா, உங்களுக்காகத்தான் கோர்ட்டு காத்துக்கிட்டிருக்கு," என்றாள் நாத்தனார். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. இத்தனை வருஷமா நீங்க படிச்ச படிப்பால இந்த வீட்டுக்கு ஒரு உபயோகம் இன்னிக்குத்தான் வந்திருக்கு."

"சும்மா இரு," என்றான் கணவன். அவளைப் பார்த்து, "காலையில சொன்னதை எல்லார்கிட்டயும் சொன்னேன். சரின்னுட்டாங்க" என்றான்.

"என்னைத் தவிர எல்லாரும்," என்று சொல்ல நினைத்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சமையலறையில் பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது.

"பாவமாத்தான் இருக்கு," என்றாள் நாத்தனார், குரலைத் தாழ்த்தி. "ஆனா ஓட்டலா இது, நினைச்சா பெட்டியைத் தூக்கிட்டுப் போக? ஒரு காரணமாவது சொல்லணுமா வேண்டாமா?"

"போன மாசம் உங்க கடையில ஒரு பொண்ணு நின்னுடுச்சே. காரணம் சொல்லுச்சா?"

"அது வேற அண்ணி. அவ இந்த ஊருக்காரி. நாளைக்கே வேற கடைக்குப் போவா."

"ஆமா," என்றாள் அவள். "அது வேற."

நாத்தனாருக்கு அது தனக்குச் சாதகமான பதிலா என்று விளங்கவில்லை. வளையலைச் சுற்றிக்கொண்டாள்.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். பேருந்தில் வரும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்து வந்தாள்.

"நீங்க ஒரு மாசம் லீவு போட முடியாதா?"

"நானா?"

அந்த ஒரு சொல்லில் கோபமில்லை, கேலியில்லை. வெறும் ஆச்சரியம். வழிதவறி வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்ட ஆளைப் பார்ப்பது போல் பார்த்தான். மனைவி, அம்மா, தங்கை, சிட்டு என்று வரிசையாக எல்லோரையும் நிறுத்திப் பார்த்த அவன் மனம், தன்னை அந்த வரிசையில் ஒரு கணம்கூட நிறுத்தியதில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதன். அதனால்தான் அவளைச் சொல்லச் சொல்கிறான்.

"என்னால எப்படி முடியும்? அப்பாவைக் குளிப்பாட்டி, துணி மாத்தி..."

"அவர் உங்க அப்பா."

"அதில்ல. எனக்குப் பழக்கமில்ல."

"எனக்கும் இல்லை," என்றாள். "சிட்டுவுக்கும் இல்லாமதான் இருந்தது."

அத்தை இதுவரை வாயைத் திறக்கவில்லை. முழங்காலில் தைலம் தடவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"அவனை விடும்மா. நான் கேக்கறேன். எனக்காகக் கேக்கறேன்." அத்தையின் குரல் அவளுக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. அதிகாரமே இல்லை. "ஒரு நாள் சிட்டு மருந்து வாங்க உன்னோட வந்தா, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு அவர் சரிஞ்சுட்டார். தலையணையிலேர்ந்து தலை நழுவி, கட்டில் கம்பியில முகம். நான் பக்கத்துலதான் நின்னேன். தொடலை. எனக்குத் தொட பயம். காலமெல்லாம் கூட இருந்த மனுஷன், அவரைத் தூக்கினா எங்க உடைஞ்சிடுவாரோன்னு பயம். நீங்க வர்ற வரைக்கும் அப்படியே நின்னேன். அவர் என்னையே பார்த்துக்கிட்டிருந்தார்."

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள்.

"இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. சிட்டு இல்லாம இந்த வீட்ல ஒரு ராத்திரி என்னால இருக்க முடியாதும்மா. ரெண்டே ரெண்டு மாசம். ஒரு வார்த்தை சொல்லிடு. பாவம் எதாவது வந்தா எனக்கு வரட்டும்."

அவளுக்கு எழுந்து போய் அத்தையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. இந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் அத்தை தன் பயத்தை எடுத்து அவள் முன் வைத்தது இதுதான் முதல் தடவை. அன்றைக்குச் சாவியை வைத்தது போலவே வைத்தார். அவளுக்கு உள்ளே எதுவோ அன்றைக்குக் குளிர்ந்தது போலவே குளிர்ந்தது. அதை அவள் கவனித்தாள். கவனித்த உடனே முதுகு நிமிர்ந்தது.

அத்தையின் பயம் உண்மை. அவளுடைய படிப்பு உண்மை. கணவனின் அன்பும் உண்மைதான். இத்தனை உண்மைகளையும் தாங்கிப் பிடிக்க ஒரு சின்னப் பொய் போதும் என்கிறார்கள். ஆனால் அந்தப் பொய்யைத் தன் தலைமேல் வைத்துத் தூக்கப்போவது இங்கே உட்கார்ந்திருக்கிற யாரும் இல்லை. உள்ளே பாத்திரம் துலக்குகிறவள்.

"சிட்டு!" நாத்தனார் உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டாள். "இங்க வா. அக்கா உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

சத்தம் நின்றது. சிட்டு ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி வந்து, எப்போதும் நிற்கிற இடத்தில், சுவர் ஓரமாக நின்றாள். முகத்தில் எதிர்பார்ப்பு இருந்தது. யோசித்து முடித்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாள்.

"சொல்லும்மா," என்றார் அத்தை.

கணவன் தன் கைப்பேசியின் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாக்கியம் அவள் வாயில் தயாராக இருந்தது. காலையில் பேருந்தில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம். பிழையில்லாமல் வரும். சிட்டு தலையாட்டுவாள். சரி அக்கா என்பாள். திரும்பப் போய் மீதிப் பாத்திரங்களைத் துலக்குவாள். அடுத்த மாதம் தேர்வுக் குழுவின் முன் உட்கார்ந்து அவள் மீன்பிடிக் கப்பல்களைப் பற்றிப் பேசுவாள். நன்றாகவும் பேசுவாள். அதுதான் பயங்கரம்.

"அத்தை," என்றாள். குரல் உயரவில்லை. "அதை நான் சொல்ல மாட்டேன்."

அத்தை கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப சரி," என்று எழுந்தாள் நாத்தனார். "திங்கட்கிழமையிலேர்ந்து நீங்களே வீட்ல உக்காந்து அப்பாவைப் பார்த்துக்குங்க அண்ணி. பரீட்சையாவது கிரீட்சையாவது."

"அதுக்கும் நான் சரின்னு சொல்லலை."

"பின்ன என்னதான் சொல்றீங்க?"

திங்கட்கிழமை யார் இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாது. மாமனாரை யார் திருப்புவார்கள், யார் ஊட்டுவார்கள், தேர்வு என்ன ஆகும், ஒன்றும் தெரியாது. கைப்பை வார் தோளில் அழுத்தியது.

சிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் பார்வை அவள் முகத்தில் வந்து நின்றது. சீரியல் வசனம் எதுவும் வரவில்லை.

"அக்கா, எதைச் சொல்ல மாட்டீங்க?"

நாற்காலியிலிருந்து கணவன் அவள் பக்கம் சாய்ந்தான். மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற அதே அமைதியான குரல்.

"ஒண்ணுமில்லைன்னு சொல்லிடு. மத்தத நாளைக்குப் பேசிக்கலாம்."

ஒண்ணுமில்லை. இந்த வீட்டில் அவள் மிக அதிகமாகச் சொன்ன சொல் அதுதான். என்ன ஆச்சு, ஒண்ணுமில்லை. ஏன் அழுதே, ஒண்ணுமில்லை. அதைச் சொல்ல யோசிக்கக்கூட வேண்டாம், அதுவாகவே வரும்.

சிட்டு காத்துக்கொண்டு நின்றாள்.

அவள் கணவனைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தாள். அதையும் சொல்ல மாட்டேன் என்று.